உள்ளே விட்ட துணி

"வலது கை மட்டும் கொஞ்சம் லூஸா இருக்கு யக்கா" என்றாள் அபி.

இசக்கிச்செல்வி நம்பவில்லை. அவள் தைத்த ஜாக்கெட்டில் ஒரு கை பிடித்து மறு கை தொளதொளத்ததாக தென்காசியில் ஒருத்தியும் இதுவரை படியேறி வந்ததில்லை. அதுவும் இது தங்கச்சி அபியின் முகூர்த்த ஜாக்கெட். ஆடி மாதம் முழுக்க, வெளியே சாரல் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருக்க, அரக்குப் பட்டுத்துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக ஆரி ஊசியை விட்டு விட்டு எடுத்து, முதுகில் ஒரு ஜோடி மயிலைக் கொண்டுவந்திருந்தாள். மயிலின் கழுத்துக்கு மட்டும் மூன்று நீலம். ஒரு நீலத்திலிருந்து அடுத்த நீலத்துக்கு நூல் மாறும் இடம் தனக்கே தெரியாதபடி அமைந்த அன்று, சந்தோஷத்தில் அவள் ஒரு காப்பி கூடுதலாகப் போட்டுக் குடித்தாள். இனி வெட்டித் தைப்பதுதான் பாக்கி என்றிருந்தது. அதையும் நேற்றே முடித்துவிட்டாள்.

அபியைக் கண்ணாடி முன்னால் திருப்பி நிறுத்திப் பார்த்தாள். தோளில் சுருக்கம் இல்லை. முதுகு வழித்துவிட்டது போல உட்கார்ந்திருந்தது. இடது கை கச்சிதம். வலது கைக்குள் மட்டும் அவளுடைய இரண்டு விரல்கள் தாராளமாகப் போய் வந்தன.

வாசல் அறைதான் கடை. பின்கட்டு வீடு. பெரிய கோயில் கோபுர வாசலில் புகுந்து வரும் காற்று இந்தத் தெருவின் கடைசி வீடு வரைக்கும் வந்து, கொடியில் காயாமல் கிடக்கும் துணிகளை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகும். மத்தியானம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டிய இருட்டு. மெஷின் எண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாடை சுவரில் ஊறியிருந்தது. மாப்பிள்ளை மாரிராஜின் அம்மா போட்டோ அனுப்பச் சொல்லிப் போனில் காத்திருந்தாள். கழற்றிப் பிடித்துத் திரும்ப மாட்டினால் மயிலில் பதித்த கற்கள் எங்கேயாவது இழுத்துவிடும். செல்வி ஊசிமெத்தையிலிருந்து கைக்கு வந்த ஊசியை உருவினாள். அதில் நீல நூல் கோத்திருந்தது.

"அசையாம நில்லுட்டி."

"உடம்புல வச்சுத் தைக்கக் கூடாதும்பியே. பொணத்துக்குத்தான் அப்படித் தைப்பாவன்னு நீதான சொல்லுவ."

"நாலு தையலு. இப்பம் பிரிச்சிருவேன். வாய மூடு."

அவள் தொழில் கற்ற இடத்தில் முதல் நாளே சொல்லிக் கொடுத்தது அது. கொக்கி அறுந்தாலும், தையல் விட்டாலும், ஆள் கழற்றிக் கொடுத்தால்தான் ஊசி. எத்தனையோ பேரைத் திரைக்குப் பின்னால் போய்க் கழற்றி வரச் சொல்லி அவள் சண்டை பிடித்திருக்கிறாள். இன்றைக்கு என்னவோ அவசரம். கையின் உள்பக்கம் தொளதொளத்த துணியைக் கிள்ளிப் பிடித்து நாலு தையல் போட்டு, வழக்கம்போலப் பின்னோக்கி ஒரு எதிர்த்தையல் போட்டு, நூலைப் பல்லால் கடித்தாள். உதடு அபியின் கையில் பட்டது. ஜில்லென்று இருந்தது.

சாரல் நேரத்தில் எல்லார் கையும் ஜில்லென்றுதான் இருக்கும்.

போட்டோ போனது. அத்தைக்குத் திருப்தி. அபி கழற்றிப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போனாள். செல்வி ஜாக்கெட்டை மடியில் போட்டு, அவசரத் தையலைப் பிரித்து, கையை முறையாகப் பிடிக்க உட்கார்ந்தாள். கைக்குழியில் அகலமாகத் தொடங்கி, விளிம்புக்கு வர வரக் குறுகும் பிடிப்பு. நாலு தையல், ஒரு எதிர்த்தையல். நாலு தையல், ஒரு எதிர்த்தையல். பாதி தூரம் வந்தபோது விரல்கள் நின்றன.

இதே பிடிப்பை இதே இடத்தில் இதற்கு முன்னால் ஒரு தடவை போட்டிருக்கிறோம்.

தையல்காரர்களுக்கு இது ஒரு வியாதி. ஆளை முகத்தால் ஞாபகம் வைக்க மாட்டார்கள். தெருவில் எதிரே வந்து சிரிப்பவளின் பெயர் தெரியாது, ஆனால் இடது தோள் அரை இஞ்சு இறங்கியவள் என்பது தெரியும். செல்விக்கு விரல்தான் முந்தி ஞாபகம் சொல்லும், மண்டை பின்னால்தான் வரும். எழுந்து போய் ஆணியில் தொங்கிய அபியின் அளவு ஜாக்கெட்டை எடுத்தாள். அரக்கு நிறப் பருத்தி. இதை வைத்துத்தான் பட்டில் கோடு போட்டாள். வலது கையை உள்வெளியாகப் புரட்டினாள்.

உள்ளே ஒரு பிடிப்பு இருந்தது. நீல நூலில். நாலு தையல், ஒரு எதிர்த்தையல்.

பட்டு ஜாக்கெட்டின் கையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அது அபியின் ஜாக்கெட் இல்லை. இலத்தூர் இராமலட்சுமியின் ஜாக்கெட்.

இராமலட்சுமி அந்த ஊரில் நிலபுலன் உள்ள வீட்டுக்காரி, பால்வண்ணநாதனின் மனைவி. ஒடிசலான உடம்பு. பல வருஷங்களுக்கு முன்னால் குளத்துப் படியில் விழுந்து வலது கை ஒடிந்து, கோணலாகச் சேர்ந்துவிட்டது. முழங்கையை நீட்ட வராது, சதை வற்றி ஒரு கை மட்டும் சிறுத்துவிட்டது. அவளுக்கு வலது கையை உள்ளே பிடித்துத்தான் தைக்க வேண்டும். மிச்சத் துணியை வெட்டாமல் உள்ளேயே விடச் சொல்வாள், பின்னால் உடம்பு தேறினால் பிரித்துவிடலாமாம். ஒரு நாள் அரக்கு நூல் தீர்ந்திருந்தபோது, உள்ளேதானே, யார் பார்க்கப் போகிறார்கள், எந்த நூலானாலும் போடு என்று அவளே சொன்னாள். துணியென்றால் உயிர். கடைக்குள் வந்ததும் கண்ணில் படுகிற துணியின் ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசிப் பார்ப்பாள். அபி மேல் அவளுக்குக் கொள்ளைப் பிரியம். பிள்ளை இல்லாதவள். தனக்கென்று வாங்கிய அரக்குப் பருத்தியில் மிச்சம் வந்ததை, அபிக்கும் ஒன்று தைத்துப் போடு என்று கொடுத்துவிட்டுப் போனாள். அப்படித்தான் ஒரே துணியில் இரண்டு ஜாக்கெட் ஆனது. அவளுடையது அளவுக்காக இந்தக் கடையிலேயே கிடந்தது. அபியுடையதும் கிடந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சாயந்தரம் அவள் செத்துப்போனாள். நெஞ்சுவலி என்றார்கள். சுமங்கலி, பட்டு உடுத்தித்தான் அனுப்ப வேண்டும். வீட்டில் இருக்கிற ஜாக்கெட் எதுவும் அந்தப் பட்டுக்கு ஒத்துவரவில்லை என்று, அளவுக்குக் கொடுத்த அரக்கு ஜாக்கெட்டை வாங்கிவரச் சொந்தக்காரர் ஒருவர் நனைந்துகொண்டே வந்து வாசலில் நின்றார். கரண்ட் இல்லை. செல்வி அழுதுகொண்டே ஆணியில் தடவி ஒன்றை எடுத்து, மடித்து, ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் மீதியிருந்ததை அபியுடையது என்று எடுத்துப் பட்டில் விரித்துக் கோடு போட்டாள். பாதியாக மடித்து, இடது பக்கத்தை மட்டும் பார்த்து. எல்லாத் தையல்காரரும் அப்படித்தான் போடுவார்கள். கண் வீங்கி இருந்தது. விரலை அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

அபியின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு இராமலட்சுமி சிதைக்குப் போயிருக்கிறாள்.

செல்விக்கு முதலில் வந்தது வெட்கம்தான், பயம் இல்லை. கை நிறைய வேலை தெரிந்தவள் செய்யக்கூடிய தப்பா இது. செத்தவள் அளவில் தங்கச்சிக்கு முகூர்த்த ஜாக்கெட். பிறகுதான் அடுத்த நினைப்பு மெதுவாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

அபி காலேஜில் வாலிபால் ஆடியவள். பந்தை அடித்து அடித்து விரிந்த தோள், பதினைந்து இஞ்சு. இராமலட்சுமிக்குப் பதின்மூன்று. இந்த ஜாக்கெட் அபிக்குத் தோளில் ஏறியிருக்கவே கூடாது. கொக்கி மாட்டியிருக்கவே கூடாது.

ஆனால் மாட்டியது. சுருக்கம் இல்லாமல். வலது கையைத் தவிர.

டேப்பை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அபி அடுப்பின் முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள் வரை டேப்பை வைத்தாள். வைத்த இடத்தில் விரல் வழுக்குகிறதோ என்று இன்னொரு தடவை வைத்தாள். டேப் பழசாகி இழுத்துக்கொண்டதோ என்று சந்தேகம். மெஷின் பலகையை அளந்து பார்த்தாள், பலகை சரியாக இருந்தது. தன் தோளை அளந்தாள், அதுவும் சரி. திரும்ப வந்து அபியை அளந்தாள்.

பதின்மூன்று.

"மெலிஞ்சு போயிட்டேனா யக்கா?" என்று அபி சிரித்தாள். "கல்யாணக் களை."

மெலிந்தால் சதை குறையும். இடுப்பு குறையும். எலும்பு குறையுமா? செல்வி டேப்பைச் சுருட்டிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

அம்மா போனபோது அபிக்கு ஏழு வயது. அன்றிலிருந்து அவளை வளர்த்தது இந்த மெஷின்தான் என்று செல்வி வேடிக்கையாகச் சொல்வாள். தனக்கென்று ஒரு முகூர்த்தப் பட்டு எடுக்க அவளுக்கு நேரம் வாய்க்கவில்லை, அதைப் பற்றி வருத்தமும் இல்லை. அவளுக்கு உலகத்தில் இருக்கிற ஒரே ஆள் அபி. ஒவ்வொரு பள்ளிக்கூடத் திறப்புக்கும் யூனிபாரத்தின் ஓரத்தைப் பிரித்துவிட்டு, போன வருஷத்துக்கு இந்த வருஷம் இவ்வளவு வளர்ந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள். கடையில் விழும் பிட்டுத்துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி ஒட்டி அபிக்கு ஒரு போர்வை தைத்திருந்தாள். வாடிக்கைக்காரர்கள் அத்தனை பேரும் அதில் ஒரு சதுரமாக இருந்தார்கள். இது டீச்சரின் சேலை, இது பக்கத்து வீட்டு வளைகாப்பு என்று விரல் வைத்துச் சொல்லிக்கொண்டே அபி தூங்குவாள். நடுவில் ஒரு அரக்குச் சதுரமும் உண்டு.

அந்த வாரம் அபி பகலிலும் அந்தப் போர்வையைப் போர்த்திக்கொண்டே நடமாடினாள். குளிருகிறது என்றாள். குடத்தை வலது கையால் தூக்கப் போய் நழுவவிட்டாள். பழைய சுடிதார்கள் ஒவ்வொன்றாகத் தோளை விட்டு இறங்கின. செல்வி பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்காதது போல நடித்தாள்.

மாரிராஜ் போலீஸ்காரன். சீசனுக்காகக் குற்றாலத்தில் பேரருவிக்கரையில் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நடுவில் அபியை வரச்சொல்லி, பெண்கள் பக்கம் கயிற்றைத் தூக்கிக் குளிக்க அனுப்பப் பார்த்திருக்கிறான். முன்னெல்லாம் தண்ணீர் மொத்தமாக விழும் இடத்தில் போய் நின்று தலையைக் கொடுப்பவள், அன்று பாறைப் பக்கமே போகவில்லையாம். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம். சாயந்தரம் அவன் போன் செய்து செல்வியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னான். அபிக்கு உடம்பு சரியில்லையா, யாரிடமாவது காட்டலாமா என்று கேட்டான். அப்புறம் ஒன்று சொன்னான்.

"என் சட்டைக்கை ஓரத்தப் புடிச்சு ரெண்டு விரல்ல வச்சுத் தேச்சுக்கிட்டே நிக்கா மயினி. என்னன்னு கேட்டா, துணி நல்ல துணி, தச்சவன் சரியில்லங்கா."

பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியாதவள் அபி. தையல்காரி வீட்டில் இப்படி ஒன்று என்று செல்வியே எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள்.

மறுநாள் இலத்தூருக்குப் பஸ் ஏறினாள்.

பால்வண்ணநாதன் வீட்டு முன்னறையில் ஓதம் ஏறிய சுவருக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இராமலட்சுமியின் படத்துக்கு மாலை காய்ந்து தொங்கியது. செல்வி மன்னிப்புக் கேட்கத்தான் வந்தாள். ஜாக்கெட் மாறிவிட்டது அண்ணாச்சி என்று சொன்னபோது அவர் கோபப்படவில்லை. யோசித்தார். பிறகு, அதான் என்றார்.

"பொம்பளைய எல்லாம் சொன்னாவ, இது பெருசா இருக்கு, தோள்ல நிக்காதுன்னு. குளிப்பாட்டி மாட்டிப் பாத்தா, அவளுக்குன்னே தச்ச மாதிரி நின்னுச்சும்மா."

ஓட்டுக்கு மேலே சாரல் பெய்யும் சத்தம் கூடிக் குறைந்தது.

"அந்த வலது கை. நீட்ட மாட்டாளே. அன்னைக்கு நேரா நீண்டு கெடந்துச்சு. தூக்குன பயலுவ கனம் தாங்கல. அத்த இவ்வளவு கனமான்னு கேக்கான் ஒருத்தன்." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்ல உடம்போட போனான்னு நாங்க மனசத் தேத்திக்கிட்டோம்."

சாம்பலை எங்கே கரைத்தீர்கள் என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. குற்றாலத்தில் ஆற்றில்தான் என்றார். அள்ளப் போனபோது, ராத்திரி முழுக்க மழை பெய்தும் சூடு ஆறவில்லை, கலயம் கையைச் சுட்டது, துண்டைச் சுற்றித்தான் பிடித்தோம் என்றார். தண்ணீரில் விட்ட பிறகும் கொஞ்ச நேரம் புகைந்ததாம். கிளம்பும்போது அபியை விசாரித்தார். லட்சுமி கடைசி வரை அவள் கல்யாணத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தாள், மகள் மாதிரி பார்த்தாள் என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் நனைந்தது. செல்வி நகர்ந்து உட்காரவில்லை. அளவுதான் மாறியிருக்கிறது, அளவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் போதும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அபியின் அளவு ஜாக்கெட் எரிந்துவிட்டது. எரியட்டும். பதினேழு வருஷமாக அபிக்குத் தைத்த கை இருக்கிறது. எந்த ஜாக்கெட்டும் இல்லாமல், கண்ணைக் கட்டிவிட்டால்கூட அபிக்கு வெட்டலாம். பயம் கொஞ்சம் இறங்கியது. தொழில் தெரிந்தவளுக்குத் தொழில்தான் தெம்பு.

வீட்டுக்குள் நுழைந்தபோது அபி படுத்திருந்தாள். போர்வை கழுத்து வரை ஏறியிருந்தது. செல்வி வெள்ளைப் பாப்ளின் ஒரு மீட்டர் எடுத்து மேஜையில் விரித்தாள். இஸ்திரி போட்டாள். சாக்கட்டியைத் தேய்த்துக் கூராக்கினாள். தோள் பதினைந்து, மடித்துப் போட்டால் ஏழரை. வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே மடிப்பிலிருந்து கோடு இழுத்தாள். சும்மா ஒரு சரிபார்ப்புக்கு டேப்பை வைத்தாள்.

ஆறரை.

அழித்தாள். டேப்பைப் பிடித்துக்கொண்டே போட்டாள். ஏழரையில் புள்ளி வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். புள்ளி ஆறரையில் இருந்தது.

மறுபடி அழித்தாள். சாக்கட்டித் தூள் துணியெல்லாம் புகையாகப் படிந்தது. நிமிர்ந்து கண்ணை மூடி அபியின் முதுகை நினைத்துப் பார்த்தாள். ஏழு வயதில் இந்த மேஜைக்குக் கீழே தூங்கிய முதுகு. எண்ணெய் தேய்த்துவிட்ட முதுகு. வாலிபால் ஆடிவிட்டு வந்து வேர்வையோடு சாய்ந்த முதுகு. கதை எல்லாம் ஞாபகம் இருந்தது. உள்ளங்கைக்கு மட்டும் எதுவும் வரவில்லை. வந்தது வேறொரு முதுகு. ஒடிசலாக. வலது பக்கம் சற்றே இறங்கி.

அவள் கை அபியை மறந்துவிட்டது.

கோட்டை அழிக்கவும் கை எழவில்லை.

உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. செல்வி உள்ளே போனாள்.

விளக்கு வைக்கிற நேரம். கரண்ட் போயிருந்தது. ஜன்னல் வழியே சாம்பல் நிறத்தில் கொஞ்சம் வெளிச்சம். தகரத்தில் சாரல். அதைத் தவிரத் தெருவில் சத்தமில்லை. அபி கண்ணை மூடியிருந்தாள். போர்வையை விலக்கினாள் செல்வி. அபி முகூர்த்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மயில் வேலை மெத்தையில் நசுங்கிக்கொண்டிருந்தது. வலது கை மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது.

"கழட்டுட்டி. கல்லு கொட்டிப் போவும்."

"இருக்கட்டும். கதகதன்னு இருக்கு."

யக்கா என்று சொல்லவில்லை. செல்வி அதைக் கவனித்தாள். கவனிக்காமல் இருந்திருக்கலாம் என்று நினைத்தாள்.

கழற்ற மாட்டாள் என்றால் பிரிக்கத்தான் வேண்டும். கையைப் பிரித்து, தோளைப் பிரித்து, பக்கத்தைப் பிரித்து, வெறும் துணியாக்கிவிட வேண்டும். ஆடி முழுக்கப் போட்ட மயில் போகட்டும். முகூர்த்தத்துக்குக் கடையில் தொங்குகிற ஏதோ ஒன்றை மாட்டிக்கொண்டு நிற்கட்டும். அபி இருந்தால் போதும். நூல் வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உடம்பில் வைத்துத் தைத்தாயிற்று. உடம்பில் வைத்தே பிரிக்கலாம்.

வலது கையின் ஓரத்தை மேலே சுருட்டினாள். வெளிச்சம் போதவில்லை. விரலால் தடவித் தேடினாள். கைக்குழிப் பக்கம் நூல் தட்டுப்பட்டது. சின்னச் சின்னப் புடைப்பு. கத்தரி முனையை அடியில் கொடுத்து வெட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவது தையலை அடுத்து எதிர்த்தையல், அதையும் வெட்டினாள். நூல் இலகுவாக வந்தது. நீல நூல்.

கை தளரவில்லை. துணி பிடித்தபடியே இருந்தது.

மறுபடி தடவினாள். துணியில் அவள் போட்ட பிடிப்பு விரலுக்கு அகப்பட்டது. முழுசாக. ஒரு தையல்கூட அறுபடாமல்.

அப்படியென்றால் வெட்டியது எதை?

குனிந்தாள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோனாள்.

தோலில்.

கையின் உள்பக்கம், அக்குளிலிருந்து முழங்கை வரை, தோலை மடித்துப் பிடித்து ஒரு வரிசைத் தையல். ஒரே சீராக. நாலு தையல், ஒரு எதிர்த்தையல். மேலே தோளைச் சுற்றிக்கொண்டு போனது. கழுத்துக்கடியில் இன்னொரு வரிசை. முதுகுப் பக்கம் இன்னொன்று. இடுப்பை நோக்கி இறங்கியது ஒன்று. பார்த்த கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அது யாருடைய கை என்று இந்த ஊரில் எவளைக் கேட்டாலும் சொல்லிவிடுவாள்.

அவளுடைய கை.

தான் வெட்டிவிட்ட இடத்தைப் பார்த்தாள். தோல் வாய் பிளந்திருந்தது. இரத்தம் வரவில்லை.

சாம்பல் வந்தது.

மெல்லிய ஓசையோடு. அரிசி நொய் சரிவது போல. போர்வையின் நடுவில் இருந்த அரக்குச் சதுரத்தில் விழுந்து குவிந்தது. சூடாக இருந்தது. கொட்டக் கொட்ட அபியின் கை சப்பையாகிக்கொண்டே வந்தது. விரல் தளர்ந்தது. ஆள் கழற்றிப் போட்ட சட்டைக்கை போல மெத்தையில் படிந்தது.

செல்வி கட்டை விரலை வைத்துப் பிளவை அழுத்தினாள். விரல் சுட்டது. எடுக்கவில்லை. சாம்பல் நின்றது. விரலை எடுத்தால் மறுபடி கொட்டும். எவ்வளவு கொட்டியது, எவ்வளவு மிச்சம், தெரியவில்லை. உள்ளே இருப்பது அபியா. இதுதான் அபியா. இதுதான் மிச்சமா.

மறுகையால் தலைமாட்டில் துழாவினாள். ஊசிமெத்தை. ஊசி. நூல் ஏற்கெனவே கோத்திருந்தது.

குத்தினாள். இழுத்தாள். குத்தினாள். இழுத்தாள். கண்ணீர் விழுந்த இடத்தில் சாம்பல் கருத்தது. நாலு தையல். ஒரு எதிர்த்தையல்.

அபி கண்ணைத் திறந்தாள். வலிக்கிற முகம் இல்லை. நிதானமாகப் பார்த்தாள். மடங்காத இடது கை மெல்ல நகர்ந்து வந்து போர்வையின் ஓரத்தைப் பிடித்தது. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உரசியது.

"உள்ள துணி விட்டுத் தை, செல்வி" என்றாள், கடைக்கு வரும்போதெல்லாம் இராமலட்சுமி சொல்லும் அதே பிரியத்தோடு. "நாளைக்கு உடம்பு போட்டா பிரிச்சுக்கிடலாம்."

இசக்கிச்செல்வி அடுத்த தையலைப் போட்டாள்.